அம்மாவிடம் அவள் சொன்னது

ஹூஸ்டனில் என் மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. எங்களுக்கு முன்னால் ஹோண்டுராஸிலிருந்து வந்த ஓர் அம்மா, துப்புரவு வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லாததால் நாலாம் வகுப்பு மகளே அந்த வேலையைப் பார்த்தாள். "வீட்டுப்பாடம் செய்வதே இல்லை" என்றார் டீச்சர். பொண்ணு ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். என் அரைகுறைக் காதில் விழுந்தது 'முய் பியென்' மட்டும்தான். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அம்மா பூரித்துப்போய் நன்றி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம்மவர்கள் கூடும் விருந்துகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "ஹிஸ்பானிக் வீடுகளில் படிப்பில் அக்கறை இல்லை." ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். அக்கறை இல்லாதவரா வேலை முடிந்த கையோடு ஓடி வருவார்?

இதே டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோ நகரத்தின் கதையைப் பாருங்கள். இங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரச் சொத்துவரியிலிருந்து வருவது. 1967-68இல் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு 356 டாலர். வசதியான அலமோ ஹைட்ஸில் 594. இத்தனைக்கும் வரி விகிதம் எட்ஜ்வுட்டில்தான் அதிகம்! வீடுகளுக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான். டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தந்தையும் மற்ற பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்துவிட்டது.

அப்புறம் மொழி. வெள்ளைக்காரப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்தால் மதிப்பெண். வீட்டிலிருந்தே கொண்டுவரும் பிள்ளைக்கு அது ஒரு குறை. நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போவதை மட்டும் பெருமையாகப் படம் போடுகிறோம். ஆங்கிலத்தோடு பிள்ளையின் வீட்டு மொழியிலும் பாடம் நடத்தும் இருமொழிக் கல்வியைக் கலிபோர்னியா 1998இல் பெருமளவு முடக்கியது. தப்பு என்று 2016இல் வாக்காளர்களே மாற்றினார்கள். டெக்சாஸில் ஒரே வகுப்பு நிலையில் ஒரே மொழி பேசும், ஆங்கிலம் கற்கும் மாணவர் 20 பேர் இருந்தால் அந்தப் பள்ளி மாவட்டம் இருமொழிக் கல்வி தர வேண்டும் என்று சட்டமே உண்டு. ஆசிரியர்தான் கிடைப்பதில்லை. ஏன், அதே பள்ளிச் சமையலறையிலும் வகுப்பு உதவிக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! சம்பளத்தோடு அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியர் ஆக்கலாமே.

சரி, அடுத்த சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். அந்தப் பொண்ணு என்னை மன்னிக்கவே மாட்டாள்.