தகப்பனுக்கு நாற்பதில் மாரடைப்பா? பிள்ளையின் இரத்தத்தையும் பாருங்கள்

நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தல் போடுவோம், சனம் கூடும், 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும். வெள்ளாமையில் நட்டம், கடன் தொல்லை, கண்ணூறு, செய்வினை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இதைக் கேட்கிற பழக்கம் வரவேண்டும் என்று விரும்பித்தான் எழுதுகிறேன்.

ஆணுக்கு 55 வயதுக்கு முன்னும் பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்னும் இதய நோய் வந்தால் வைத்தியர்கள் பரம்பரையைப் பற்றிக் கேட்பார்கள். சிகரெட், சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆனால் பிறக்கும்போதே கூட வரும் கொலஸ்ட்ரோல் நோய் ஒன்றும் உண்டு. எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரலில் இருக்கின்றன. மரபணுக் குறையால் அவை சரியாக வேலை செய்யாவிட்டால், கொழுப்பு இரத்தத்திலேயே தங்கி, சின்ன வயதிலிருந்து குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக அளவில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவரிடம் இந்தக் குறை இருக்கிறது. வைத்தியம் செய்யாமல் விட்டால், குறை உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும்.

எங்கள் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். இந்த வருத்தம் அந்த முறை பார்ப்பதில்லை. தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது வீத வாய்ப்பு உண்டு. மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கும் குடும்பங்களில் இரண்டு பக்கமும் இதே குறை இருந்துவிட்டால், பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வரலாம். அது மிக அரிது. ஆனால் வந்தால் சிறு வயதிலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் கட்டிகள் தோன்றும், இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பும் வரலாம்.

என் அக்காவின் கணவர் நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாளில் போனவர். அவருடைய மூத்த அண்ணனும் அப்படித்தான். அத்தானின் இரண்டு குதிகாலுக்கும் மேலே உள்ள நாண் விரல் தடிப்பில் புடைத்திருக்கும். செருப்புக் கடி, வயலில் நின்று வந்த தடிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த நாணில் படிந்திருந்தது கொலஸ்ட்ரோல் என்று, அவர் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்த டொக்டர் நாங்கள் சொன்ன அடையாளத்தை வைத்து விளக்கினார். பெரியவனுக்கு இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சின்னவனுக்குப் பதினொரு வயது, பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம், எலும்பு எண்ணலாம் போல உடம்பு. அவனுடைய மொத்தக் கொலஸ்ட்ரோல் 268 mg/dL, எல்.டி.எல் 202; பிள்ளைக்கு இது மிகக் கூடுதல். சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான்.

“ஈர்க்கில் மாதிரி இருக்கிற புள்ளைக்குக் கொழுப்பா? அந்த லெப்காரன் ஆள் மாறிக் குடுத்திட்டான் மனே” என்று அம்மம்மா கடைசி வரைக்கும் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கொழுப்பு என்றால் கொழுத்த ஆளுக்கு என்றுதான் படித்தவர்கள் கூட நினைக்கிறார்கள். இந்தப் பரம்பரை நோயில் மெலிந்த பிள்ளைதான் கண்ணுக்குத் தப்பிப்போகும்.

“இந்த வயதிலேயே குளிசையா, ஈரல் கெட்டுவிடாதா” என்று அக்கா அழுதார். நியாயமான பயம். இதற்குப் பதிலாக நெதர்லாந்து ஆய்வொன்றைச் சொல்வேன். இதே நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குறைக்கும் மருந்தைக் கொடுத்து, 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 39 வயதாகும்போது அவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இதய நோய் வந்திருந்தது. அந்த மருந்து கிடைக்காத காலத்தில் வளர்ந்த, அதே நோயுள்ள பெற்றோரில் அந்த வயதுக்குள் 26 வீதம் பேருக்கு வந்திருந்தது. பெற்றோரில் 7 வீதம் பேர் அந்த வயதுக்குள் இதய நோயால் இறந்துவிட்டார்கள், பிள்ளைகளில் ஒருவர் கூட இதயத்தால் சாகவில்லை. நோய் உறுதியானால் எட்டு முதல் பத்து வயதளவில் மருந்து தொடங்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். ஈரலையும் தசையையும் டொக்டர்கள் இடைக்கிடை பார்த்துக்கொள்வார்கள். அக்காவின் சின்னவன் குளிசை குடித்துக்கொண்டே பந்தடிக்கிறான்.

பிள்ளைகளுக்கு இரத்தக் கொழுப்புக் கூடுவதில் இன்னொரு வகை உண்டு, இதுதான் பள்ளிக்கூடங்களில் அதிகம் தெரிகிறது. புலமைப்பரிசில் வருடத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். விடியக் காலையில் டியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி டியூசன், நடுவில் ரோல்ஸ், பிஸ்கட், கலர் சோடா, இரவில் கொத்து. ஓடி விளையாட ஒரு மணித்தியாலம் கிடைக்காது. இந்தப் பிள்ளைகளில் இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் ஏறி, நல்ல கொழுப்பான எச்.டி.எல் இறங்கும். இதற்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. சீனியும் பொரியலும் குறைந்து, பிள்ளை வெயிலில் ஓடினால் இறங்கும். தேங்காய்ப் பாலை நிறுத்தச் சொல்லவில்லை, அது இல்லாமல் எங்கள் சொதி இல்லை. தேங்காயில் கொலஸ்ட்ரோல் கிடையாது என்பதும் உண்மைதான். ஆனால் அதன் நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்லைக் கூட்டும். ஆகவே மூன்று வேளையும் கட்டிப்பால் வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கவே கூடாது, அது மூளை வளரும் காலம்.

ரிப்போர்ட் விசயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. தெரிந்த ஒரு தாய் பத்து வயது மகளின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். மொத்தக் கொலஸ்ட்ரோல் 192, ட்ரைகிளிசரைட் 140. பக்கத்தில் 200க்குக் கீழ், 150க்குக் கீழ் என்று பெரிய ஆட்களின் அளவு அச்சடித்திருந்தது. கூடுதல் என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி கூட இல்லை. எல்லாம் நோர்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பிள்ளைகளின் கணக்கு வேறு. மொத்தம் 170க்குக் கீழே இருப்பதுதான் நல்லது, 200 தொட்டால் கூடுதல். எல்.டி.எல் 110க்குக் கீழே இருக்க வேண்டும், 130 தொட்டால் கூடுதல். பத்து வயதிலிருந்து ட்ரைகிளிசரைட் 90க்குக் கீழே இருக்க வேண்டும், 130 தொட்டால் கூடுதல். எல்.டி.எல் 190ஐத் தாண்டினாலோ, குடும்பத்தில் இதய நோய் இருந்து 160ஐத் தாண்டினாலோ பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். லெப்காரர்கள் வயதைக் கேட்டுத்தானே எழுதுகிறார்கள், அந்த வயதுக்குரிய அளவை அச்சடிப்பதில் என்ன சிரமம்?

அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் இரத்தம் எடுக்க வேண்டுமா? அமெரிக்காவில் 2011இல் ஒரு நிபுணர் குழு ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள் எல்லோருக்கும் ஒரு தடவை எடுக்கச் சொன்னது. வயதுக்கு வரும் காலத்தில் கொலஸ்ட்ரோல் தானாகக் கொஞ்சம் இறங்கும், அந்த நேரம் எடுத்தால் ஏமாற்றிவிடும் என்பதால் அதற்கு முந்திய வயது. அதே நாட்டின் இன்னொரு குழு, எல்லோருக்கும் எடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016இலும் 2023இலும் சொன்னது. ஸ்லோவேனியாவில் ஐந்து வயதில் எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கிறார்கள். எங்கள் நிலைமைக்கு, குடும்பத்தைப் பார்த்து எடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம். சொந்தக்காரர் யார், எந்த வயதில், எதனால் போனார் என்று நான்கு தலைமுறை சொல்லக்கூடிய சனம் நாங்கள். அந்த அறிவு டொக்டருக்கு முன்னால் வர வேண்டும். பெண் பிள்ளைக்கு வருத்தம் என்று தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று மறைக்கிற வீடுகள் இருக்கின்றன. மறைப்பதால் அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு. குழந்தை பெற நினைக்கும்போது இந்த மருந்தைப் பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதற்கும் விசயம் தெரிந்திருக்க வேண்டுமே.

அரசாங்கத்தின் இலவசத் தொற்றா நோய்ப் பரிசோதனை பெரும்பாலும் 35 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். ஆனால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 4 பிள்ளைக்கும் நடக்கிறது, அது ஒன்பது வயது. உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தோடு வீட்டுக்கு ஒரு கேள்வி போனால் போதும்: பிள்ளையின் தாய், தகப்பன், அம்மம்மா, அப்பப்பா, மாமா, சித்தப்பா யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா? ஆம் என்று வரும் பிள்ளைக்கு மட்டும் இரத்தம் எடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐமாரும் இதைப் படித்தால், அடுத்த தவணையில் ஒரு பாடசாலையிலாவது கேட்டுப் பாருங்கள்.

அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் அப்படி ஒரு மரணமோ வருத்தமோ நடந்திருந்தால், அவருடைய பழைய கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு பிள்ளை நல டொக்டரிடம் போங்கள். முழு லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனை என்றால் பிள்ளை ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். கூடுதலாக வந்தால் இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுத்து, தைரொயிட், சிறுநீரகக் கோளாறு இல்லை என்பதையும் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள்.