சர்வீஸ் வேகம் புஜத்தில் இல்லை

"ராக்கெட்டை இறுக்கிப் பிடி, பலங்கொண்ட மட்டும் அடி, சர்வீஸ் பறக்கும்" என்று, ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் சர்வீஸ் அடியைப் பற்றி ஒரு டென்னிஸ் யோசனை வாட்ஸப்பில் சுற்றுகிறது. தவறு.

வேகம் தரையிலிருந்து கிளம்புகிறது. முழங்காலை மடக்கித் தரையை உந்தும்போது பிறக்கும் விசை இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. அடிக்கும் நொடியில் மேல்கை தோள்மூட்டில் உள்நோக்கிச் சுழல்வதற்கே பெரும்பங்கு. மணிக்கட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிடி தளர்வாக இருந்தால்தான் அது சாட்டை நுனிபோல வீசும். இறுக்கினால் முன்கை விறைத்து, கீழிருந்து வந்த வேகம் அங்கேயே செத்துவிடும். தோள்வலிதான் மிச்சம்.

"சரி, அப்படியென்றால் உயரம்தானே?" உயரம் உதவும், மறுக்கவில்லை. 2016 டேவிஸ் கோப்பையில் மணிக்கு 253 கி.மீ. வேகத்தில் அடித்த ஜான் இஸ்னர் 208 செ.மீ. ஆனால் 2004இல் அதே போட்டியில் 249 கி.மீ. தொட்ட ஆண்டி ராடிக் 188 செ.மீ.தான். அவருடைய சர்வீஸ் காணொளியை மெதுவாக ஓடவிட்டு, முழங்காலை மட்டும் பாருங்கள்.

அப்புறம், பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டால் இதில் எதுவுமே நடக்காது. சற்று முன்னால் போடுங்கள்.