அநாதை என்று யார் சொன்னது?

கிணற்றில் விழுந்த யானைக்குட்டியை, தாயற்ற குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குள் விடும் உடவளவை நிலையத்துக்கு அனுப்பிய செய்தியைப் படித்தேன். நல்ல விடயம். 1995 இல் தொடங்கிய அந்த இடத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். கொடுத்து முடிந்தால் ஆட்கள் விலகிவிடுவார்கள். மனிதப் பழக்கம் ஒட்டினால் காட்டுக்குத் திரும்பியதும் ஊர்ப்பக்கம்தானே வரும்? ஐந்து வயதளவில் கூட்டமாகத்தான் விடுகிறார்கள்.

ஆனால் எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் பெரிய கரைச்சல் மான்குட்டிதான். தாய் மேயப் போகும்போது குட்டியைப் பற்றைக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். அது அசையாமல் கிடக்கும். வயலுக்குப் போகிறவர் கண்டால், 'ஐயோ பாவம், தாயில்லை' என்று சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அப்புறம் மல்லாத்திப் பிடித்து போத்தலில் பசுப்பால். பால் மூச்சுக்குழலுக்குள் போய், மூக்கால் நுரை தள்ளும். பல குட்டிகளைக் கொல்வது இந்த இரக்கம்தான் (படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடுவது வேறு கதை).

காயமில்லை, எறும்பு மொய்க்கவில்லை என்றால் தொடாதீர்கள். நாயைக் கட்டிப்போட்டு, தூர நின்று பாருங்கள். மறுநாளும் தாய் வராவிட்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.