250 பாட் டிக்கெட்டும் ஒரு கூடையும்

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காலி செய்ய உட்கார்ந்தேன். தாய்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் மே ஹோங் சோனுக்குப் போயிருந்தபோது எடுத்த படங்கள் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. பாய் ஆற்றில் நீளப் படகில் போய், கரையேறியதும் 250 பாட் கட்டி டிக்கெட் வாங்கி, கழுத்தில் பித்தளைச் சுருள் அணிந்த கயான் பெண்கள் வசிக்கும் ஊருக்குள் நுழைந்த நாள் அது. மொத்தம் 118 படம். எண்ணிப் பார்த்தேன், 102இல் கழுத்துதான். மிச்சத்தில் பாதி நான்.

ஒரே ஒரு படம் குறி தப்பி விழுந்திருக்கிறது. சால்வை விற்கும் அம்மாவை எடுக்கப் போய், ஃபோகஸ் அவருக்குப் பின்னால் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு மூங்கில் கூடை. நெற்றியில் பட்டையை மாட்டிக்கொண்டு முதுகில் சுமக்கிற வகை. பட்டை வியர்வையில் கறுத்து, நெற்றி படும் இடத்தில் தேய்ந்து மெலிந்திருக்கிறது. கூடைக்குள் ஏதோ கதிர்கள், தலை மட்டும் தெரிகிறது. அன்றைக்கு அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. சால்வை என்ன விலை? ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?

ஊருக்குத் திரும்பி இதே முகநூலில் 'நீண்ட கழுத்து அழகிகள்' என்று பதிவு போட்டேன். லைக் அள்ளியது. இப்போது அதை அழித்துவிட்டேன். கழுத்து நீள்வதே இல்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. சுருளின் எடை காறையெலும்பையும் விலாவையும் கீழே அழுத்துகிறது. தோள் இறங்கிப்போவதால் கழுத்து நீண்டதுபோல் தெரிகிறது. தனித்தனி வளையங்களும் இல்லை, ஒரே பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போடுவது. கயான் பெண்கள் எல்லோரும் அணிவதும் இல்லை.

சரி, இவர்கள் யார்? மியான்மரில் தாய்லாந்து எல்லையை ஒட்டி கயா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. நாட்டின் ஏழு மாநிலங்களில் ஆகச் சிறியது அதுதான். தலைநகர் லோய்கா. மலைகள், ஊடே சல்வீன் ஆறு. 2014 கணக்கெடுப்பில் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. அங்குள்ளவர்கள் பலர் தங்களைக் கரென்னி என்று சொல்லிக்கொள்கிறார்கள். கரென் என்பது மியான்மர் மலை இனங்களில் ஒரு பெரிய தொகுதி. கரென்னி என்றால் சிவப்புக் கரென் என்று பொருள், உடையின் நிறத்தால் வந்த பெயர். அதற்குள் கயா, கயான், கயோ, மனுமனோ, யிந்தலே என்று பல இனங்கள், பல மொழிகள். 1875இல் பிரிட்டிஷாரும் பர்மிய மன்னர் மிந்தோனும் மேற்குக் கரென்னியை யாரும் தொடாமல் தனியாக விட்டுவிடுவதென ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கரென்னி அரசியலில் இன்றும் அடிக்கடி வரும் ஆண்டு அது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், மாநிலத்தின் பெயர் கயா என்று மாற்றப்பட்டது. அதனால் அங்கே எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதே ஒரு நிலைப்பாடு.

கழுத்தைப் பார்க்கும் ஆசை என்னோடு தொடங்கியதில்லை. 1930களில் கயான் பெண்களை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டிப்போய் சர்க்கஸ் கூடாரத்தில் நிறுத்தினார்கள், 'ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துப் பெண்கள்' என்று விளம்பரம் செய்து. பிறகு போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள் மே ஹோங் சோனில் சுற்றுலாக் காட்சி ஆனார்கள். 2008இல் ஒரு விவகாரம் வெளியே வந்தது. நியூசிலாந்தில் குடியேற வாய்ப்புக் கிடைத்த கயான்களுக்கு வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை என்று ஐ.நா. அகதிகள் ஆணையமே பகிரங்கமாகக் கவலை தெரிவித்தது. மற்ற அகதிகள் போனார்கள். இவர்கள் போய்விட்டால் யாரைப் பார்க்க டிக்கெட் வாங்குவார்கள் என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் கோபித்துக்கொள்கிறார். "நீ போகாமல் இருந்தால் அந்த அம்மாவுக்குச் சால்வை விற்குமா?" விற்காது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அங்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சுருள் அணிவதா வேண்டாமா என்று சொல்ல நான் யார். என் குறை வேறு. ஒரு மக்களின் வாழ்க்கையை 'ஆவணப்படுத்துகிறோம்' என்று கிளம்பும் நாம், ஆபரணத்தையும் திருவிழாவையும் எடுத்துக்கொண்டு, வருடத்தின் மற்ற முந்நூற்றைம்பது நாளை விட்டுவிட்டு வருகிறோம். அந்த நாட்களில்தான் அவர்களுடைய நிலம் இருக்கிறது.

அந்த மலையில் ஒரு வருடம் எப்படிப் போகும் என்று பாருங்கள். பனி குறையும் காலத்தில் சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காயப்போடுவார்கள். கோடையில் தீ. முதல் மழையோடு ஒருவர் கூர்க்குச்சியால் குழி போட்டுக்கொண்டே போக, பின்னால் வருபவர் விதை போடுவார். ஏர் கிடையாது. நெல் மட்டும் இல்லை. அதே சரிவில் சோளம், எள், மிளகாய், பூசணி, வெள்ளரி எல்லாம் கலந்து கிடக்கும். மழைக்காலம் முழுக்கக் களையெடுப்புதான் வேலை, முதுகு ஒடியும். மழை ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அறுவடை. கூடை மலையேறி இறங்குவது அப்போது. அடுத்த வருடம் வேறு சரிவு. அறுத்து விட்ட இடம் பல வருடம் சும்மா கிடந்து புதர் மண்டி, மறுபடி மரமாகி, மண் தேறிய பிறகு அதே குடும்பமோ அதே ஊரோ திரும்பி வரும்.

தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது: புனம். தினைப்புனம், பரண், கிளி ஓட்டும் பெண் என்று பாட்டிலேயே படித்தவர்கள் நாம். ஆனால் 'தரிசு' என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது, இப்போது அதிகம் புழங்குவது அதுதான்.

மியான்மரில் 2012இல் ஒரு சட்டம் வந்தது. 'காலி, தரிசு, கன்னி நிலங்கள் நிர்வாகச் சட்டம்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பட்டா இல்லாமல் சும்மா கிடக்கும் நிலத்தை அரசு எடுத்து நிறுவனங்களுக்குக் கொடுக்க வழி செய்யும் சட்டம். 2018இல் அதைத் திருத்தினார்கள். அப்படிப்பட்ட நிலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், கெடு 2019 மார்ச் 11. தவறினால் அத்துமீறிய குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. வழக்காற்று நிலத்துக்கு, அதாவது ஊர் வழக்கப்படி வழிவழியாகப் பயன்படுத்தும் நிலத்துக்கு, விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தார்கள். எது வழக்காறு, யார் நிரூபிப்பது என்பதைச் சொல்லவில்லை. இப்போது மலைக்காரரின் நிலையில் நின்று யோசியுங்கள். இந்த வருடம் விதைத்த சரிவு ஒன்று. மண் தேறட்டும் என்று விட்டுவைத்திருப்பது ஆறேழு. அதிகாரியின் கண்ணுக்கு அந்த ஆறேழும் காலி நிலம்.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே பதிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் யாரும் வேலை செய்யாமல் புதர் மண்டிக் கிடக்கும் அந்தச் சரிவு. எந்த வருடம் எந்தக் குடும்பம் அங்கே விதைத்தது, எல்லை எந்தப் பாறை, எந்த ஓடை, அந்த இடத்துக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர். படமாக எடுத்தால் வெறும் பச்சை. நாலு லைக் விழாது.

திருவிழாவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கே தோ போ என்று கோடையில் வரும் கம்பத் திருவிழா அவர்களுடையதில் பெரியது. கோழியின் தொடை எலும்பில் இருக்கும் நுண்துளைகளில் மூங்கில் சீவலைச் செருகி, அது எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பார்த்துக் குறி கேட்டு மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்கள் காட்டிலிருந்து அதைச் சுமந்து வந்து, உச்சியில் அலங்காரம் கட்டி நடுகிறார்கள். சுற்றி ஆட்டம், தானியத்தில் காய்ச்சிய கள். வருகிறவர்கள் எல்லோரும் புதுக் கம்பத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் போன வருடக் கம்பம், அதற்கு முந்தியது, சாய்ந்தது, உளுத்தது என்று வரிசையாக நிற்கும். பழையதைப் பிடுங்குவதில்லை, தானாக விழும்வரை நிற்கட்டும் என்று விடுகிறார்கள். இந்த ஊர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன பத்திரம் வேண்டும்? கம்பத்தை எண்ணினால் போதுமே.

வெண்கல முரசு பற்றியும் ஒரு வார்த்தை. மேல்தட்டின் விளிம்பில் தவளைகள் உட்கார்ந்திருக்கும், மழையை அழைக்கும் முரசு. கரென்னிக் கொடியின் நடுவிலேயே அது இருக்கிறது. 'ஆதி கரென்னிக் கலை' என்று இதைப் போற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதை வார்த்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஷான் கைவினைஞர்கள். கரென்னிகள் விலை கொடுத்து வாங்கி, உயிர்போலக் காத்து, ஆபத்துக் காலத்தில் காட்டில் ஒளித்துவைத்தார்கள். வார்க்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே நின்றுபோனது. வாங்கிய பொருள் என்பதால் அது அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடுமா என்ன.

'கலப்பில்லாத பழமை'யைத் தேடுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டையே உண்டு. பிளாஸ்டிக் வாளியை நகர்த்திவைத்துவிட்டுப் படம் எடுப்பவர்கள் இவர்கள். கரென்னிகளில் கத்தோலிக்கர் நிறைய. இத்தாலியப் பாதிரியார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பக்கத்து மலைகளுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணியும் தினசரி வாழ்க்கைதான், கால்பந்து ஜெர்சியும்தான். அதைவிட மோசம், மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாட்டி முகம் என்று 'கலை' எடுப்பது. லோய்காவுக்குப் பக்கத்தில் லோபிதா நீர்மின் நிலையம் இருக்கிறது. ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டி 1960இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் ரங்கூனுக்குப் போனது. கம்பிக்குக் கீழே இருந்த ஊர்கள் பல பத்தாண்டுகள் இருட்டில் கிடந்தன. கம்பங்களைக் காக்க ராணுவம் கண்ணிவெடி புதைத்தது. விளக்கை எடுத்துவிட்டுத் தலைக்கு மேலே போகும் கம்பியை விட்டால் அந்தப் படம் பொய் சொல்கிறது.

அப்படியானால் யார் எழுதுவது? அவர்களே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாம்தான் கவனிக்கவில்லை. 1962இல் தே பு பே என்ற ஆசிரியர் கயா மொழிக்கென்று தனி எழுத்து ஒன்றை உருவாக்கினார். கயா லி என்று பெயர். சில எழுத்துகள் பர்மிய எழுத்தின் தூரத்துச் சொந்தம்போல் இருக்கும், தொனிக்கு, அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்துக்கு, தனிக் குறி, எண்களுக்கும் தனி வடிவம். மே ஹோங் சோன் பக்கத்து அகதி முகாம் பள்ளிகளில் பிள்ளைகள் இதில்தான் படித்தார்கள். 2008இல் அது யூனிகோடில் ஏறியது. அதே மொழியை ரோமன் எழுத்தில் எழுதுபவர்களும், பர்மிய எழுத்தில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு சின்ன மொழிக்கு மூன்று எழுத்து! நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் ஒரு சரிவின் பெயரை அதன் சரியான தொனியோடு எழுதிவைக்க வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துப்போகும் என்னைப் போன்றவனால் ஆகாது. அந்தப் பையன்களாலும் பெண்களாலும் ஆகும். கையில் போனும் இருக்கிறது.

போன் என்றதும் இன்னொன்று. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு, மே மாதம் முதல் அங்கே முழுப் போர். லோய்கா அருகே தஞ்சம் புகுந்தவர்கள் இருந்த தேவாலயத்தின்மீது குண்டு விழுந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ப்ருசோ பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று வண்டிகளோடு எரித்தார்கள். மாநிலத்தின் பெரும்பகுதி மக்கள் ஒருமுறையாவது வீட்டை விட்டு ஓடியவர்கள். 1996இலேயே ராணுவம் ஊர் ஊராகக் காலி செய்யச் சொல்லி விரட்டியது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே அனுபவம். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்க்கும் நாட்டில், ஊர்ப் பெயரோடும் முகத்தோடும் ஒரு நல்ல படம் ஓர் ஆளைக் கொல்லலாம். ஆகவே இன்றைக்கு அங்கே பதிவு என்றால் எடுப்பதில் பாதி, மறைப்பதில் பாதி. இடத்தின் பெயரை எங்கே வெளியிடுவது, எங்கே பூட்டிவைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. வெளியாட்கள் பலருக்கு இது பிடிக்காது, 'உலகத்துக்குக் காட்ட வேண்டாமா' என்பார்கள். உலகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

என் 117 படங்களை அழித்துவிட்டேன். கூடைப் படம் இருக்கிறது. படம் எடுக்கத்தான் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன், போடுவதற்குக் கேட்கவில்லை. அதனால் அவர் இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டுக் கூடையை மட்டும் கீழே இணைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள். எனக்குச் சோளம் என்று படுகிறது, வீட்டில் தினை என்கிறார்கள். மலைப்பயிர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.