இர்விங் எப்படிக் கண்டுபிடித்தார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்க ஸ்பாய்லர். 'செவரன்ஸ்' இரண்டாம் சீசன் பார்க்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். பார்த்து முடித்துவிட்டு வாருங்கள், பதிவு எங்கும் போய்விடாது.

அந்த சீசனின் நான்காவது எபிசோடை நேற்று இரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 'வோஸ் ஹாலோ' என்று பெயர். 2025 பிப்ரவரி 7 அன்று வந்தது, இயக்கம் பென் ஸ்டில்லர். வந்த வாரத்தில் என் நண்பர்கள் வட்டத்தில் ஒரே குறைதான்: "ஆட்டுக்குட்டிகள் எதற்கு, அந்த எண்கள் எதற்கு, எதற்குமே பதில் இல்லை. பனியில் நடந்துகொண்டே இருக்கிறார்கள்." அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஒரு மர்மத்தை எப்படி அவிழ்க்க வேண்டும் என்று இந்த எபிசோடு காட்டியதைப் போல சமீபத்தில் வேறு எந்தத் தொடரும் காட்டவில்லை.

கதை மறந்தவர்களுக்காக இரண்டு வரி. லூமன் என்ற நிறுவனம் ஊழியர்களின் மூளையில் ஒரு சிப் வைக்கிறது. லிப்டில் இறங்கி அந்தத் தளத்துக்குள் போனதும் வெளி வாழ்க்கை மறந்துவிடும், வெளியே வந்தால் உள்ளே நடந்தது மறந்துவிடும். உள்ளே இருப்பவர் 'இன்னி', வெளியே இருப்பவர் 'அவுட்டி'. அந்த 'இன்னி'க்கு வீடு இல்லை, தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாலையில் லிப்ட் கதவு மூடும், அடுத்த நொடியே மறுநாள் காலை. இதைவிடக் கொடூரமான ஒரு சிறையை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. கம்பிகூட இல்லாத சிறை.

முதல் சீசன் முடிவில் இந்த இன்னிகள் சில நிமிடங்கள் வெளியே கண்விழிக்கிறார்கள். லூமனையே ஆளும் ஈகன் குடும்பத்தின் மகள் ஹெலெனாதான் தன் அவுட்டி என்பது அவர்களில் ஒருத்தியான ஹெல்லிக்கு அப்போதுதான் தெரிகிறது. மேடையேறி, உள்ளே நாங்கள் சித்திரவதைப்படுகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து வந்து அவளைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டாம் சீசனில் எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்புகிறார்கள். ஆனால் திரும்பி வந்தவள் ஹெல்லிதானா? இல்லை, ஹெல்லியாக நடிக்கும் ஹெலெனா.

இரட்டை வேடம் என்றால் நமக்குப் பழக்கமான அடையாளங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு மச்சம் இருக்கும், இன்னொருவருக்கு மீசை இருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஒரே உடம்பு, ஒரே உடை, ஒரே சிவப்பு முடி. பிரிட் லோயர் இரண்டு பேருக்கும் நடுவே வைக்கும் இடைவெளி ஒரு நூலிழைதான். தெரியாமல் பார்த்தால் ஹெல்லி கொஞ்சம் அமைதியாகிவிட்டாள் என்று தோன்றும். தெரிந்தபின் பார்த்தால் ஒவ்வொரு பார்வையிலும் ஒரு கணக்கு இருப்பது கண்ணில் படும். மற்றவர்கள் சிரித்த பிறகுதான் சிரிப்பாள், அரை நொடி தாமதமாக. அந்த ஆண்டு எம்மியில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தபோது எனக்கே கிடைத்ததுபோல இருந்தது.

ஹெல்லியோடு ஒரே குழுவில் வேலை செய்யும் இன்னிதான் இர்விங். அவருக்கு முதல் சந்தேகம் சீசனின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. வெளியே என்ன பார்த்தாய் என்று கேட்டால் சாதாரண வீடு என்கிறாள், இரவில் ஒரு தோட்டக்காரரைப் பார்த்ததாகச் சொல்கிறாள். ராத்திரியில் எந்தத் தோட்டக்காரர் வேலை செய்வார்? இது துப்பறியும் கதைக்குரிய தடயம். நல்ல தடயம்தான், ஆனால் இது மட்டும் இருந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

நாலாவது எபிசோடில் நிறுவனம் அந்தக் குழுவைப் பனி மூடிய ஒரு காட்டுக்கு அனுப்புகிறது. குழு மனப்பான்மையை வளர்ப்பதற்காம். நியூயார்க் மாநிலத்தின் மின்னவாஸ்கா பூங்காவில் எடுத்திருக்கிறார்கள். அந்த இன்னிகளுக்குப் பகல் வெளிச்சத்தில் வானம் என்பது அதுதான் முதல் முறை. ஆனால் காட்டிலும் நிறுவனம் எழுதிய புராணம், நிறுவனம் காட்டும் பாதை, நிறுவனம் போட்ட கூடாரம். அலுவலகத்தின் வெள்ளைச் சுவருக்கும் இந்த வெள்ளைப் பனிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. விடுதலை மாதிரி இருக்கும், விடுதலை கிடையாது.

ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேலதிகாரி மில்ச்சிக் நிறுவனப் புராணத்தைப் பயபக்தியோடு சொல்கிறான். ஹெலெனா சிரித்துவிடுகிறாள், அதே குழுவில் இருக்கும் மார்க்கும் சேர்ந்து சிரிக்கிறான். சுட்டுத் தின்ன வைத்திருந்த மார்ஷ்மெல்லோக்களை மில்ச்சிக் நெருப்பில் எறிகிறான். (டிரமெல் டில்மன். சிறந்த துணை நடிகருக்கான எம்மி அவருக்குத்தான் கிடைத்தது. நாடகப் பிரிவில் அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பின ஆண் அவர்.)

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு. வெளியே உண்மையில் என்ன பார்த்தாய் என்று இர்விங் அவளை நெருக்குகிறார். அவள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மாட்டிக்கொண்டவள் என்ன செய்கிறாள்? பர்ட்டை இழுக்கிறாள். இர்விங் நேசித்த மனிதர் பர்ட். ஓய்வு என்ற பெயரில் அவரை அனுப்பிவிட்டார்கள், வெளியே போய்ப் பார்த்தால் அவருக்கு ஏற்கெனவே ஒரு துணை இருக்கிறார். அந்தப் புண்ணிலேயே, அந்தத் தனிமையிலேயே அவள் குத்துகிறாள். குரலை உயர்த்தவில்லை. பரிதாபப்படுவதுபோலவே சொல்கிறாள்.

இர்விங் எழுந்து குளிரில் தனியாகக் காட்டுக்குள் போய்விடுகிறார்.

மறுநாள் காலை அருவிக் கரையில் அவர் அவளிடம் சொல்வது இதுதான்: நேற்று நீ பேசியது கொடூரம், ஹெல்லி ஒருபோதும் கொடூரமானவள் இல்லை. அவ்வளவுதான் அவருடைய ஆதாரம். தோட்டக்காரர் பொய் சந்தேகத்தைக் கொடுத்தது, உறுதியைக் கொடுத்தது இந்த ஒரு வரி. ஹெல்லி கோபக்காரி. தன் விரலையே வெட்டிக்கொள்வேன் என்று மிரட்டியவள், தூக்கில் தொங்கியவள். அத்தனை ஆத்திரமும் தன்னைப் பூட்டி வைத்தவர்கள் மேல். பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் புண்ணை அவள் கிளறியதே இல்லை. முதல் சீசன் முழுக்க நாம் அதைப் பார்த்திருக்கிறோம், ஆனால் அதை ஒரு தடயமாக யாரும் குறித்து வைக்கவில்லை. எழுத்தாளர் அன்னா ஓயாங் மோன்ச் அதைத்தான் திறவுகோலாக எடுத்து நம் கையில் கொடுக்கிறார். பாத்திரத்தை வளர்ப்பது வேறு வேலை, மர்மத்தை வளர்ப்பது வேறு வேலை என்று நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த அருவிக் காட்சியை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். காட்டில் இர்விங்குக்கு ஒரு கனவு வருகிறது, கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் கூடி 'ஈகன்' என்ற பெயராகின்றன. அழகான காட்சிதான், ஆனால் தேவையில்லை. ஒரு அவுட்டியை அந்தத் தளத்துக்கே அனுப்பும் அதிகாரம் யாருக்கு இருக்கும் என்று காலையில் அவரே கேட்கிறார். அந்தக் கேள்வி போதும். அவருடைய புத்தி கண்டுபிடித்த ஒன்றுக்குக் கனவின் சிபாரிசு எதற்கு?

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் மார்க். ஹெல்லியைக் காதலிப்பவன் அவன்தான். இர்விங் தனியாகக் குளிரில் கிடக்கும் அதே இரவில் கூடாரத்துக்குள் மார்க் அவளோடு இருக்கிறான், அவள் யாரென்றே தெரியாமல். அவளும் அங்கே ஒரு உண்மையைச் சொல்கிறாள்: வெளியே தான் யாராக இருந்தாளோ அது தனக்குப் பிடிக்கவில்லை என்று. மார்க் அதை ஹெல்லியின் வார்த்தையாகக் கேட்கிறான். ஹெலெனா தன் வாழ்க்கையில் பேசிய ஒரே நேர்மையான பேச்சு அதுவாகத்தான் இருக்கும், அதையும் இன்னொருத்தியின் பெயரில்தான் பேச முடிந்தது. இரண்டு எபிசோடுக்கு முன்னால் மார்க்கும் ஹெல்லியும் முத்தமிடும் கண்காணிப்பு வீடியோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாளே, அது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. அவளுக்காகப் பரிதாபப்படுகிறேன், ஆனால் அவள் செய்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரை ஒரே இரவில் ஏமாற்றினாள். ஒருவன் மார்க், இன்னொருத்தி அந்த உடம்பின் இன்னொரு சொந்தக்காரி.

காதலித்தவனுக்குத் தெரியவில்லை, நண்பருக்குத் தெரிந்தது. மார்க்கைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் திரும்பி வந்தாளே என்ற சந்தோஷத்தில் அவன் வேறெதையும் பார்க்கவில்லை. இர்விங்குக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை, அதனால் அவர் கவனித்தார்.

பிறகு நடப்பது தெரியும். அவள் தலையைப் பனித் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, ஹெல்லியைத் திருப்பிக் கொடு என்று மில்ச்சிக்கைப் பார்த்துக் கத்துகிறார் இர்விங். ஜான் டர்டூரோவின் அந்தக் குரல் கத்தலா கெஞ்சலா என்று பிரிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மில்ச்சிக் உத்தரவு கொடுக்கிறான். தண்ணீரிலிருந்து எழுவது ஹெல்லி. அவளுக்கு மேடையில் பேசிக்கொண்டிருந்ததுதான் கடைசி நினைவு. அடுத்த நொடி மூச்சுமுட்டும் தண்ணீர், சுற்றிலும் பனி, பக்கத்தில் இர்விங்.

அவர் அந்த இடத்திலேயே பணிநீக்கம். ஒரு 'இன்னி'க்குப் பணிநீக்கம் என்றால் சாவு. இர்விங் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்பதுபோல எல்லாம் அழிக்கப்படும் என்கிறான் மில்ச்சிக். போகும் முன் குழுவில் இன்னொருவனான டிலனிடம், பிடியை விடாதே என்று மட்டும் சொல்கிறார் இர்விங். அதே வாசகம் எழுதிய சுவரொட்டிக்குப் பின்னால் அவர் எதை ஒளித்து வைத்தார் என்பது அடுத்த எபிசோடில்தான் தெரியும். சாகப்போகும்போதும் நண்பனுக்கு வழி சொல்லிவிட்டுப் போகிறார்.

ஹெல்லி நனைந்த உடையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். இங்கே என்ன நடந்தது, யார் அவளை மீட்டது, அதற்கு என்ன விலை, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நன்றி சொல்லக்கூட நேரம் இல்லை. இர்விங் திரும்பி மரங்களுக்கு நடுவே நடக்கிறார்.