“ஆளு நல்லாத்தானே கீறீங்க?”

நரம்பு வலிக்காரர்களிடம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கட்டு இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் எப்படி நம்புவது? வலி பாதி என்றால் இந்த நம்பாத பேச்சு மீதி என்பேன்.

அம்மாவுக்கு முதுகிலிருந்து விலா வரை ஒரு பக்கமாக அக்கி வந்தது. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் மறுபடி கிளம்புவதுதான் அக்கி. கொப்புளம் காய்ந்து தழும்பும் மங்கிவிட்டது. கெட்டுப்போன நரம்பு மட்டும் இன்னும் எரிகிறது.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் ஃபேன் போடாமல் யாராவது உட்கார முடியுமா? அம்மா உட்காருகிறார். காற்று பட்டாலே விலா எரிகிறதாம். ரவிக்கைத் தையல் உரசும் என்று வீட்டில் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறார். வாசலில் யாராவது கூப்பிட்டால் அவசரமாக ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போவார். கல்யாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். பட்டுப்புடவையைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம், முதுகில் தட்டி நலம் விசாரிக்கிறவர்களைத்தான் முடியவில்லையாம்.

ராத்திரியில் இன்னும் அதிகம். தூக்கம் போனதும் பசி போனது, பொறுமை போனது. பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால் கத்திவிடுகிறார். ‘கிழவிக்குக் கோபம் ஜாஸ்தி’ என்று பேர் வேறு.

இந்த வலிக்குப் பாராசிட்டமால் பெரிதாகக் கேட்பதில்லை. அமிட்ரிப்டிலின், பிரீகாபலின் மாதிரி மாத்திரைகள்தான் தருகிறார்கள். முதலாவது மனச்சோர்வுக்கும் தரப்படுவது என்பதால், ‘இது மெண்டல் மாத்திரையாச்சே’ என்று செல்போனில் பார்த்துச் சொல்ல ஒரு சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் உண்டு. குறைந்த அளவில் அதுவே நரம்பு வலிக்கும் உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். தலைசுற்றி விழுந்துவிடக் கூடாதே என்று வயதானவர்களுக்கு அளவை மெதுவாகத்தான் கூட்டுவார்கள். நாலே நாளில் ‘கேக்கல’ என்று நிறுத்துவது அநியாயம்.

‘வலி பத்துக்கு எவ்வளவு?’ என்று டாக்டர் கேட்டால், ‘போன தடவை எவ்வளவு சொன்னேன்?’ என்கிறார் அம்மா. ராத்திரி தூங்கினீர்களா, தலைக்குக் குளிக்க முடிகிறதா என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். என்னைக் கேட்டால், மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வலி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்னதே வேலூர்தான். தொழுநோயாளிகளின் கைகளுக்கு 1940களின் கடைசியில் இங்கே அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சி செத்த விரல்கள் சூடும் வெட்டும் தெரியாமல்தான் சிதைகின்றன என்று காட்டினார். அதே ஊரில், காயமே இல்லாமல் நரம்பு கத்துகிறது என்றால் நடிப்பு என்கிறோம்.

சட்டமும் அப்படித்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட வலி தனியாக இல்லை. சர்க்கரையால் பாதம் எரியும் ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி எதைக் காட்டி உட்கார்ந்து செய்யும் வேலை கேட்பார்?

அக்கி எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காவி பூசிக்கொள்ளுங்கள், சரி. ஆனால் கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் டாக்டரிடமும் போய்விடுங்கள், கிருமிக்கான மாத்திரை அதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே. ஐம்பது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை அதிகம்தான். கேட்டுப் பாருங்கள்.