பூநாரை சீசனுக்கு மட்டும் போய் வருவானேன்?

வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை சரணாலயம் பற்றிய உங்கள் பயணக் கட்டுரை நல்லா இருக்கு, ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரியில் மட்டும்தான் போகணும் என்று எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பூநாரை மாதிரி வலசை வரும் பறவைகளைப் பார்க்க அது சரி. சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள், காட்டில் பாலைப்பழம் பழுத்துக் கிடக்கும், மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், நாலு பழம் தின்றால் பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கும், ஆனாலும் கை நிற்காது. அந்தச் சமயம் வேதாரண்யம் உப்பளங்களில் வேலை மும்முரம். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையில் குவித்துவிடுவார்கள், வெள்ளை அம்பாரத்தைப் பார்த்தாலே கண் கூசும். மீன் பிரியர்கள் ஒன்றைக் கவனிக்கணும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும் (எனக்கு அதுதான் ருசி). ஆடிக்காற்றில் மணல் முகத்தில் அடிக்கும், அதை விட்டுவிடலாம். ஐப்பசி மழை பிடித்ததும் உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூடிவிடுவார்கள், வறண்ட புல்வெளி பச்சையாகிவிடும், வெளிமான் கூட்டம் அதில் மேய்வதைப் பார்க்கணுமே! ஆனால் புயல் எச்சரிக்கை இருந்தால் தயவுசெய்து கிளம்பாதீர்கள், 2018 கஜா அந்தக் காட்டையே முறித்துப் போட்டுவிட்டுப் போனது.